கொலுசு போட்டுக்கொண்டு வா

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. வீட்டில் நாலு பேர். கலந்து வைத்த காபியைச் சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றினேன். இருபது வருஷமாகச் செய்கிற வேலை, கை தானாகச் செய்யும். அன்றைக்குக் காபி விழவில்லை. சொம்பின் வாயிலிருந்து டம்ளர்வரை யாரோ பழுப்புக் கயிறு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி அப்படியே நின்றது. சர்க்கரைப் பாகு பதம் தவறி இறுகிப்போனால் கரண்டியிலிருந்து எப்படி நிற்கும், அப்படி. பளபளப்பு தெரிகிறது, ஆவி தெரிகிறது, நிறம் தெரிகிறது. ஓட்டம் மட்டும் இல்லை. என்ன இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கால் பெருவிரலில் சுரீர் என்று சுட்டபோதுதான் டம்ளர் நிரம்பி, மேடை நனைந்து, தரையில் சொட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. காலி டம்ளரைப் பார்த்தேன், அப்புறம் வழிந்துபோன டம்ளரைப் பார்த்தேன். நிரம்பியதை நான் பார்க்கவே இல்லை.

"கை நடுங்குது, பலவீனம்" என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கொஞ்சம் முன்னால் போய்ச் சொன்னால்தான் புரியும். 2018 வைகாசியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். அடுத்த வாரமே குலதெய்வத்துக்குப் படையல். என் நாள் கணக்கு இரண்டோடும் முட்டியது. மருந்துக் கடையில் கேட்டு, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை, எத்தனை நாள் என்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் போட்டேன். திருச்சி வெயில் தெரியுமல்லவா? மண்டபத்தில் பாத்ரூமுக்கு வரிசை நிற்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். ஏற்கெனவே இரத்தசோகை. ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டியதில்லை.

தலைவலி நாலு நாள் இருந்தது. வெயில் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் கவனித்திருக்க வேண்டும். சாதாரணத் தலைவலி படுத்தால் குறையும், இது படுத்தால் கூடியது. குனிந்து கோலம் போட்டால் உச்சியில் இடித்தது. ஐந்தாம் நாள் வாந்தி, அன்று சாயங்காலமே வலிப்பு. அண்ணன் 108-க்குப் போன் செய்தார். மூளைச் சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. உச்சந்தலைக்குக் கீழே, முன்னிருந்து பின்னாக ஓடும் பெரிய சிரை ஒன்று உண்டு. மூளையின் கழிவு இரத்தத்தில் பெரும்பகுதி அதில்தான் இறங்க வேண்டும். அது அடைத்தால் இரத்தம் பின்னால் தேங்கி மூளை வீங்குகிறது, சில இடங்களில் கசிந்தும் விடுகிறது. எனக்கு இரண்டு பக்கமும், தலையின் பின்பாதியில் சேதம்.

மாத்திரைதான் காரணம் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. ஹார்மோன் மாத்திரை, உடம்பில் நீர் வற்றியது, இரத்தசோகை மூன்றும் சேர்ந்து வேலை செய்திருக்கும் என்றார்கள். பிரசவமான புதிதிலும் இது வருமாம். நம் பக்கத்துப் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். தேவையென்றால் டாக்டரிடம் போங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு இரத்தம் உறைந்ததா, உங்களுக்கு இரத்தசோகை உண்டா, தலைவலியோடு கண்ணில் மின்னல் வருமா என்று அவர்கள் கேட்பார்கள். கடைக்காரர் கேட்க மாட்டார்.

இரத்தம் மேலும் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி, அப்புறம் வார்ஃபரின் மாத்திரை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் என்ற சோதனை 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று, அதை அடியோடு நிறுத்தச் சொன்னார் ஒரு சொந்தக்காரர். அது தவறு. வாராவாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும், ஒரு வாரம் இல்லாமல் மறுவாரம் மூன்று கட்டு என்று தின்றால்தான் கணக்குக் கெடும் என்று டாக்டர் விளக்கினார்.

சரி, கண்ணுக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதே அது தொடங்கியிருந்தது. நர்ஸ் வாசலில் நிற்பார், அடுத்தது என் கட்டிலருகே நிற்பார். நடுவில் நடந்து வந்ததாக எனக்கு நினைவே இருக்காது. மருந்து மயக்கத்தில் கண்ணயர்ந்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன். வீட்டில் பல்லி ஒன்றுதான் என்னை உலுக்கியது. டியூப் லைட் பக்கத்தில் இருந்தது. பூச்சிக்காகப் பதுங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், இது சத்தியம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காலண்டர் ஓரத்தில் இருந்தது. ஒரு புகைப்படத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்த மாதிரி.

மனிதர்களும் அப்படித்தான் ஆனார்கள். கூடத்தில் மூன்று நாலு பேர் நடமாடினால் எனக்கு வயிற்றைப் புரட்டும். இங்கே இருந்தவர் அங்கே இருக்கிறார், அங்கே இருந்தவர் என் மூக்குக்கு நேரே இருக்கிறார். யாராவது தோளைத் தொட்டால் அலறுவேன். பேசுகிறவர் முகத்தைப் பார்த்தால் வாய் திறந்தபடி நிற்கும், சொல் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் வாய் மூடியபடி நிற்கும், சொல் அப்போதும் வரும். பழைய டப்பிங் படத்தில் வாயும் வசனமும் ஒட்டாமல் போகுமே, அதைவிட மோசம். சில நாளில் முகங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். "ஆளே மாறிட்டா, மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டேங்கிறா" என்று பேச்சு கிளம்பியது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பலகையில் கடைசி வரிவரை வாசித்தேன். 6/6. அதாவது குறையில்லாத பார்வை. நிறப் புத்தகத்தில் எல்லா எண்ணும் சொன்னேன். விழித்திரை நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது. "கண்ணில ஒண்ணும் இல்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பலகையில் எழுத்து நிற்கிறது. நிற்கிற எதையும் நான் பார்ப்பேன். என் பிழைப்பே நிற்கிற எழுத்தைப் பார்ப்பதுதான். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். ஒற்று விட்டிருந்தால் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பேன், தெருவில் வருகிற மாட்டைக் கண்டுபிடிக்க மாட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தத் தொழில்தான் கைகொடுத்தது. மெய்ப்பில் தவறு கண்டால் பக்கம், வரி, தவறு, திருத்தம் என்று குறித்துப் பழகிய கை. ஒரு நாற்பது பக்க நோட்டில் என் கண்ணின் தவறுகளையும் அப்படியே குறிக்க ஆரம்பித்தேன். "காலை 7. குழாயடி. குடம் பாதி. அப்புறம் வழிகிறது. நடுவே தெரியவில்லை. சத்தம் கேட்டது." "சாயங்காலம் 5. மாடியிலிருந்து தெரு. பஸ் தூரத்தில். உடனே வாசலில். ஹாரன் தொடர்ந்து கேட்டது." "சுவர்க் கடிகாரம். நிமிஷ முள் சரி. வினாடி முள் தாவுகிறது." வினாடி முள் எல்லோருக்குமே தாவும் என்று இவர், என் வீட்டுக்காரர், சொன்னார். அந்த வரியை அடித்துவிட்டேன். எது நோய், எது இயல்பு என்று பிரிக்கவும் அந்த நோட்டு உதவியது.

நாலு மாதம் கழித்து ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். நோட்டை வாங்கி ஏழெட்டுப் பக்கம் வாசித்தார். ஒன்றும் பேசவில்லை. பேனாவைக் கையில் எடுத்து என் முன்னால் மெல்ல நகர்த்தினார். "எந்தப் பக்கம் போகுதும்மா?" வலப்பக்கம் என்றேன், சந்தேகமாகத்தான். வேகமாக நகர்த்தினார். "இங்கே இருந்தது, இப்போ அங்கே இருக்கு" என்றேன். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, அதே பேனாவின் முனையை என் முன்கையில் வேகமாக இழுத்தார். "மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு" என்று பட்டென்று சொன்னேன். கண் மூடியபடியே இருக்க, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு அறையில் நடந்தார். எங்கிருந்து எங்கே போகிறார் என்று விரலால் காட்டினேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. லேப்டாப்பில் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகளை ஓடவிட்டார். பாதிக்குமேல் ஒரே திசையில் போகின்றனவாம், எந்தத் திசை என்று கேட்டார். எனக்கு அது கறுப்புத் துணியில் கொட்டிய ரவை. கொட்டினால் கொட்டினபடி கிடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர், "இடது பக்கம்தானே போகுது?" என்றார், ஏதோ எளிய கணக்கை நான் கோட்டைவிட்ட மாதிரி. அப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். மனுஷன் அதற்குப் பிறகு வீடு வரும்வரை பேசவில்லை.

டாக்டர் சொன்ன பெயர் அகினெடாப்சியா. கிரேக்கச் சொல், அசைவைப் பார்க்க முடியாமை என்று பொருள். ரொம்ப அரிது. கூடவே, எனக்கு நாற்பது வருஷம் முன்னால் இதே பாதையில் போன ஒரு பெண்ணைப் பற்றியும் சொன்னார். நான் அவரை மூத்த அக்காவாகவே நினைத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் மியூனிக் நகரம். 43 வயது. 1978-இல் அவருக்கும் மூளைச் சிரையில் இரத்தம் உறைந்து, இரண்டு பக்கமும் பின்மூளையில் சேதமாகிறது. யோசஃப் ட்சீல் என்ற நரம்பியல் உளவியலாளர் இரண்டு சக ஆய்வாளர்களோடு அவரைச் சோதித்து 1983-இல் 'பிரெய்ன்' என்ற மருத்துவ இதழில் எழுதினார். உலகம் அந்தப் பெண்ணை எல்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே அறியும். தேநீர் ஊற்றும்போது அது பனிப்பாறைபோல உறைந்து நிற்பதாக அவர் சொல்லியிருக்கிறார். அவர் ஊரில் பனிப்பாறை, என் ஊரில் பாகு. இரண்டு பேருக்கு மேல் நடமாடும் அறையில் அவரால் இருக்க முடியவில்லை. பேசுகிறவரின் வாயைப் பார்க்க முடியவில்லை. தூரத்தில் இருந்த கார், சாலையைக் கடக்க நினைக்கும்போது திடீரென்று பக்கத்தில் இருந்தது. நிறம், வடிவம், தூரம் தெரிவதில் பெரிய குறையில்லை. தொட்டும் கேட்டும் அசைவை அவரால் அறிய முடிந்தது. என் நோட்டை யாரோ எனக்கு முன்னாலேயே ஜெர்மன் மொழியில் எழுதி வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. டாக்டரின் அறையில் நான் அழுதது நோய்க்குப் பெயர் கிடைத்ததால் இல்லை. பைத்தியம் இல்லை என்று தெரிந்ததால்.

ஏன் இப்படி ஆகிறது என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். நாம் பார்ப்பதை மூளை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. கண்ணிலிருந்து வருவது முதலில் பிடரிக்குப் போகிறது. அங்கிருந்து நிறம் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம், அசைவு ஒரு பக்கம் என்று பிரிகிறது. அச்சகத்தில் ஒருவர் எழுத்துக் கோப்பார், ஒருவர் படம் ஒட்டுவார், ஒருவர் அட்டை பார்ப்பார், கடைசியில் ஒரே புத்தகமாக வெளியே வரும் இல்லையா? அதுபோல என்று வைத்துக்கொண்டேன். அசைவைப் பார்க்கும் ஆள் காதுக்குச் சற்றுப் பின்னால், மேலே உட்கார்ந்திருக்கிறார். வி5 என்பது அந்த இடத்தின் பெயர், எம்டி என்றும் சொல்வார்கள். 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் செமிர் ஸெகி என்ற ஆய்வாளரும், அமெரிக்காவில் ஆல்மன், காஸ் என்ற இரண்டு ஆய்வாளர்களும் குரங்குகளின் மூளையில் இந்த இடத்தை அடையாளம் கண்டார்கள். அங்குள்ள செல்கள் பொருளின் நிறத்தைச் சட்டை செய்வதில்லை, எந்தத் திசையில் நகர்கிறது என்பதற்குத்தான் துடிக்கின்றன. நல்ல ஆரோக்கியமான ஒருவரின் தலைக்கு வெளியே, அந்த இடத்துக்கு நேராகக் காந்தத் துடிப்பைக் கொடுத்தால், அந்தக் கணத்தில் அவருக்கும் அசைவு சரியாகத் தெரியாமல் போகிறதாம். 1990-களின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இதற்குத் தலைகீழான கதையும் உண்டு. முதல் உலகப் போரில் பிடரியில் குண்டு பாய்ந்த வீரர்களை ஜார்ஜ் ரிடாக் என்ற பிரிட்டிஷ் டாக்டர் சோதித்து 1917-இல் எழுதினார். பார்வை போன பகுதியில் ஒரு பொருளைக் காட்டினால் அவர்களில் சிலருக்கு ஒன்றும் தெரியாது. அதையே ஆட்டினால், ஏதோ அசைகிறது என்று மட்டும் தெரியும். என்ன பொருள், என்ன நிறம் என்று சொல்ல வராது. அசைவில்லாத உலகம் எனக்கு, அசைவு மட்டும் உள்ள உலகம் அவர்களுக்கு. யாருடையது தேவலை என்று இவரும் நானும் ஒரு ராத்திரி வெகுநேரம் வாதம் செய்தோம். முடிவு வரவில்லை.

இதற்கென்று மாத்திரை கிடையாது. இழந்ததைத் திரும்பப் பெறுவதைவிட வேறு வழியில் வேலையை முடிக்கப் பழகுங்கள் என்றுதான் டாக்டரும் சொன்னார். பழகினேன். சிலது உடனே வந்தது, சிலது வர ஒரு வருஷம் ஆனது.

அடுப்படி உடனே வந்தது. டம்ளரில் சூடில்லாததை ஊற்றினால் ஆள்காட்டி விரலின் நுனியை விளிம்புக்கு உள்ளே வைத்துக்கொள்வேன். சூடானதை ஊற்றுவதே இல்லை, கரண்டியால் மொண்டு விடுவேன். இரண்டு கரண்டி ஒரு டம்ளர். குடத்துக்குக் காது போதும். தண்ணீர் ஏற ஏறச் சத்தம் மெலிந்து மேலே போகும். முதலில் 'கொட கொட', கழுத்து வரும்போது 'கிண்' என்று ஒரு சுருதி. அந்தச் சுருதிக்குக் குழாயை மூடினால் ஒரு சொட்டு வழியாது. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும், தெரிந்திருப்பது தெரியாது, அவ்வளவுதான். பால் பொங்குவது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. வெள்ளை வட்டம் அடியில் இருக்கும், அடுத்தது அடுப்பெல்லாம் பால். இப்போது விசில் அடிக்கும் பால் குக்கர்தான். கத்தி பிடிக்கும்போது காய் நிற்கிறது, என் கை நகர்வதுதான் தெரியவில்லை. ஆனால் கைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். பார்க்காமல் நறுக்கினால் ஒழுங்காக வருகிறது, பார்த்து நறுக்கினால் விரல் போகிறது. அரிவாள்மணையை மட்டும் மாமியார் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

சாலைதான் கஷ்டம். ஸ்கூட்டியை அந்த மாதமே விற்றேன். இதில் அரைமனது கூடாது. கண் பரிசோதனையில் 6/6 வாங்கிவிடுவோம் என்பதால் லைசென்ஸைப் புதுப்பிப்பதுகூடப் பெரிய காரியமில்லை. அதுவே பயங்கரம். நடந்து கடப்பதற்கு எல்.எம். கண்டுபிடித்த வழியைத்தான் நானும் கண்டுபிடித்தேன், அவரைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே: சத்தம் பெரிதாகிறதா, சிறிதாகிறதா என்று கேட்பது. அவர் கார்ச் சத்தத்தை வைத்துத் தூரம் கணித்தாராம். எனக்கு டவுன் பஸ், ஆட்டோ, புல்லட் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அத்துபடி. உறையூரிலிருந்து அச்சகத்துக்குப் போகிற வழியில் ஒரே இடத்தில்தான் கடப்பேன், அது பூக்காரம்மா கடைக்கு எதிரில். அவர் "இப்ப வா" என்று சொல்லும்வரை காலை எடுத்து வைக்க மாட்டேன். பார்த்துவிட்டுக் கடப்பதில் உள்ள ஆபத்து இதுதான்: வண்டி தூரத்தில் நிற்கிற படம் கண்ணில் இருக்கும், அந்தப் படத்தை நம்பி இறங்கிவிடுவோம். அதனால் கடக்கிற நேரத்தில் நான் வண்டியைப் பார்ப்பதே இல்லை. தரையைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பேன். மழை நாளில் கடப்பதில்லை, ஈரச் சாலையின் இரைச்சலில் எல்லாம் ஒன்றாகிவிடும். பேட்டரி வண்டி வந்ததிலிருந்துதான் என் கணக்கெல்லாம் தப்பிப்போனது. அது சத்தமில்லாமல் வந்து முன்னால் 'இருக்கிறது'. 2021-இல் ஒரு தடவை அப்படி முழங்கை பெயர்ந்தது.

பேச்சுக்கு ஒரு தந்திரம். முகத்தைப் பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவு என்கிறார்கள், பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அதனால் காதைப் பார்க்கிறேன். காது பேசும்போது அசையாது. தோட்டையோ அங்குள்ள மச்சத்தையோ பிடித்துக்கொண்டால் எதிரில் இருப்பவருக்கு நான் முகம் பார்த்துப் பேசுகிற மாதிரியே இருக்கும். எங்கள் முதலாளிக்கு வலது காதில் மூன்று முடி. ஏழு வருஷமாக அந்த மூன்று முடியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் உள்ளவர்களுக்குச் சில பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தோம். அறைக்குள் வரும்போது ஒரு குரல் கொடுக்க வேண்டும். எழுந்து போகும்போது "போறேன்" என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பேன். எதையாவது கொடுக்கும்போது நீட்டக் கூடாது, என் கையில் வைக்க வேண்டும். எறியவே கூடாது. இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டே வீடு முழுக்க நடக்கப் பழகிவிட்டார். விருந்தாளிகள் அவருக்கு ஆஸ்துமா என்று நினைக்கிறார்கள்.

அண்ணன் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள்தான் எனக்குப் பெரிய பயம். குழந்தை நடக்காது, ஓடும். ஓடுகிற குழந்தை எனக்குக் குழந்தையே இல்லை, அங்கங்கே முளைக்கும் ஒன்று. ஒரு தடவை கொதிக்கிற ரசப் பாத்திரத்தோடு திரும்பினேன், அவள் என் முழங்காலில் இருந்தாள். ரசத்தை என் பக்கமாகச் சாய்த்துக்கொண்டேன், தொடையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே அண்ணி போய் முத்து நிறைய வைத்த கொலுசு வாங்கிவந்தார். பிறகு அவள் எந்த மூலையில் இருக்கிறாள், ஓடுகிறாளா, பதுங்குகிறாளா, கட்டில்மேல் ஏறிவிட்டாளா, எல்லாம் எனக்குத் தெரியும். கண்ணால் பார்க்கிறவர்களைவிடத் தெரியும். "அத்தை, நான் வரேன்" என்று அவளாகவே வாசலில் நின்று காலை இரண்டு தட்டுத் தட்டுவாள். இப்போது பள்ளிக்கூடத்தில் சத்தக் கொலுசு கூடாதாம். எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்கிறாள்.

வேலைக்கு ஆறு மாதத்தில் திரும்பினேன். காகிதத்தில் மெய்ப்பு பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டரில்தான் வரிகளை ஓடவிட்டால் எழுத்தெல்லாம் சிதறித் தாவும். மௌஸ் சக்கரத்தைத் தொடுவதில்லை, பேஜ் டவுன் பொத்தானால் பக்கம் பக்கமாகப் போகிறேன். செல்போனில் அனிமேஷனை நிறுத்திவைக்க அமைப்புகளில் ஒரு பொத்தான் இருக்கிறது. இந்த நோய் இல்லாதவர்களும் நிறுத்திப் பாருங்கள். டி.வி.யைக் கேட்கிறேன். கிரிக்கெட்டை விட்டுவிட்டேன். அது விட்டதில் ஒரு நஷ்டமும் இல்லை என்பது என் சொந்தக் கருத்து.

ஊனமுற்றோர் சான்றிதழுக்கு ஒருமுறை அலைந்தேன். 2016-ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. பார்வைக் குறைபாடு என்றால் அளவுகோல் இரண்டுதான். கண்ணாடி போட்டும் 6/18-ஐத் தாண்டக் கூடாது, அல்லது பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குள் சுருங்கியிருக்க வேண்டும். நான் இரண்டிலும் தேறிவிட்டேன். தேறியதால் தோற்றேன். நாள்பட்ட நரம்பியல் கோளாறு என்று ஒரு தலைப்பு உண்டே என்று கேட்டேன். அங்கே உதாரணமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் பார்க்கின்சனும்தான் எழுதியிருக்கிறது என்றார் உட்கார்ந்திருந்தவர். வெள்ளைக் கோல் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி மெய்ப்பு வாசித்தால் அடி விழும். அதனால் எழுதி வைத்த ஒரு சீட்டுதான். "எனக்கு மூளையில் ஏற்பட்ட சேதத்தால் நகரும் பொருள்கள் தெரியாது. நிற்பவை தெரியும். சாலையைக் கடக்க உதவுங்கள்." இந்த மூன்று வரியை எழுத எனக்கு ஒரு மாதம் ஆனது. முதலில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன், பஸ் ஸ்டாண்டில் யாரும் ஒரு பக்கம் வாசிப்பதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதமோ தலைக்காயமோ வந்து, கண் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் அவர்கள் தடுமாறினால், நோட்டுப் போடுங்கள். "பார்வை சரியில்லை" என்று மட்டும் போய்ச் சொன்னால் மறுபடியும் பலகையைத்தான் காட்டுவார்கள். எந்த வேலையில், எந்த நேரத்தில், என்ன தெரிந்தது, அடுத்தது என்ன தெரிந்தது என்று சொல்லுங்கள். ஊற்றும்போதா, கடக்கும்போதா, பேசும்போதா? ஓடுகிறதை வைத்துச் சோதித்தார்களா, நிற்கிறதை வைத்தா என்று கேளுங்கள். கண் டாக்டரோடு நின்றுவிடாமல் நரம்பியல் டாக்டரிடமும் போங்கள். புதிதாக ஏதும் மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். சில மனச்சோர்வு மருந்துகளாலும், ஒற்றைத் தலைவலியிலும் சிறிது நேரம் இப்படி ஆவதுண்டு என்று எங்கள் டாக்டர் சொன்னார்.

எல்.எம்.முக்கு வருஷங்கள் கழித்துச் சோதித்தபோதும் அசைவு திரும்பவில்லை. எனக்கு வீக்கம் வடிந்த பிறகு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. மெல்ல நகர்வது நகர்கிறது. போன ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனபோது, காவிரி எனக்கு வழக்கம்போல விரித்த பாயாகக் கிடந்தது. ஆனால் யாரோ விட்ட ஒரு வாழைமட்டை, மேலே கற்பூரம் எரிய, கரையோரமாகச் சுழியில் மாட்டி ரொம்ப மெதுவாகத் திரும்பியது. திரும்புவதைப் பார்த்தேன். கற்பூரம் அணைகிறவரை இவரை நகரவிடவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி இந்த வருஷம் பேட்டரி வண்டி வாங்கிவிட்டான். விவரத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து காலை ஏழே முக்காலுக்கு எங்கள் கேட்டைத் தாண்டும்போது இரண்டு ஹாரன் அடிக்கிறான், நான் வாசலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தெரு நாய்க்குத்தான் அது பிடிக்கவில்லை, ஹாரன் கேட்டதும் தெருமுனைவரை குரைத்துக்கொண்டே ஓடுகிறது. அதுவும் நல்லதுதான், வண்டி எதுவரை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.